இஹ்யாவின் அடிக்குறிப்பும் எமது நயவுரைகளும்

எமது நூல் வெளியீட்டு விழாக்களுக்கென்று ஓர் ஒழுங்குமுறை நிலைபெற்றுவிட்டது. கிராஅத்துடன் ஆரம்பமாகும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் என்று நீளும். முதற்பிரதியைப் புரவலர் ஒருவர் பெற்றுக்கொள்வார். சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படும். பொன்னாடைகள் போர்த்தப்படும். இவற்றுக்கிடையே நூலைப் பற்றியும் ஒருவர் பேசுவார். அவருடைய உரைக்கு அழைப்பிதழில் முன்பெல்லாம் 'விமர்சனவுரை' என்று பெயரிருந்தது. இப்போது பெரும்பாலும் 'நயவுரை' என்றே அச்சிடுகிறார்கள். இந்தப் பெயர்மாற்றம் தற்செயலானதன்று என்றே நான் கருதுகிறேன். நயங்களை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள், ஏனையவற்றை விட்டுவிடுங்கள் என்ற வேண்டுகோள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இவ்விழாக்களுக்கு நான் எதிரானவனல்லன். கைப்பணத்தைப் போட்டு நூல் அச்சிடும் எழுத்தாளர் அச்சகக் கடனைத் தீர்ப்பதற்கு எம்மிடையே வேறு வழி அதிகமில்லை. ஒருவர் தன் நூலைக் கையிலேந்தி மகிழும் நாளில் நாமும் மகிழ்வது நல்ல பண்பே. எனது கவலை அடுத்த நாளைப் பற்றியது. விழா முடிந்து கதிரைகள் அடுக்கப்பட்ட பின்னர் அந்நூலைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதே எழுத்தாளரின் அடுத்த நூல் வரும்போது முன்னைய நூலின் பிழைகள் அப்படியே அதிலும் இருக்கின்றன. அவற்றை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவரும் எவரிடமும் கேட்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதி பற்றிப் பேச நான் அழைக்கப்பட்டிருந்தேன். மேடையேறுவதற்குச் சற்று முன் ஏற்பாட்டாளர்களுள் ஒருவர் என்னருகே வந்து, "குறைகளைப் பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், சேர்" என்றார். தனியாகச் சொல்வதற்கென்று நான் குறித்து வைத்திருந்த தாள் இன்னமும் என்னிடமே இருக்கிறது. கேட்பதற்கு எவரும் வரவில்லை.

விமர்சனத்தைத் தவிர்ப்பதற்கு எம்மவர் கூறும் நியாயங்கள் மூன்று. இளம் எழுத்தாளரின் மனம் நோகும் என்பது ஒன்று. ஒரு சகோதரரின் குறையைப் பகிரங்கமாகப் பேசுவது புறம் பேசுவதாகும், மார்க்கம் அதைத் தடுக்கிறது என்பது மற்றொன்று. விமர்சிப்பவர் பொறாமையால் பேசுகிறார், ஆகவே அதைக் கணக்கிலெடுக்கத் தேவையில்லை என்பது மூன்றாவது. முதலாவது நியாயத்தை எல்லா மொழி எழுத்தாளரும் கூறுவர். ஏனைய இரண்டும் எமது மார்க்க உணர்வோடு ஒட்டி வருபவை. ஆகவே எமது மரபிற்குள்ளேயே நின்று அவற்றைப் பார்ப்பது பொருத்தமாகும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' என்ற நூலை. அது குறைகளை அறிவது பற்றிப் பேசுகிறது. அத்துடன், தன் குறைகள் சுட்டிக்காட்டப்பட்ட நூலாகவும் அதுவே இருக்கிறது. இவ்விரண்டாவது அம்சத்தை நாம் போதியளவு கவனித்ததில்லை.

இஹ்யா நான்கு பகுதிகளைக் கொண்டது. பகுதிக்குப் பத்தாக நாற்பது இயல்கள். மனிதனை அழிவிலாழ்த்தும் குணங்களைப் பற்றிய மூன்றாம் பகுதியில், நப்ஸைப் பயிற்றுவித்தல் பற்றிய இயலில், ஒருவர் தன் குறைகளை அறிந்துகொள்வதற்கான வழிகளை இமாமவர்கள் நான்காக வகுக்கிறார்கள். உள்ளத்தின் நோய்களை இனங்காணும் ஆற்றல் பெற்ற ஓர் ஆசானின் முன் அமர்வது முதலாவது. உண்மையும் விவேகமும் மார்க்கப்பற்றும் உள்ள நண்பரொருவரைத் தன்மீது கண்காணிப்பாளராக நியமித்துக்கொள்வது இரண்டாவது. பகைவரின் நாவிலிருந்து தன் குறைகளைத் தெரிந்துகொள்வது மூன்றாவது. மக்களோடு கலந்து பழகி, அவர்களிடம் வெறுக்கத்தக்கதாகக் காண்பது தன்னிடமும் உண்டா என்று தேடுவது நான்காவது.

இந்த நான்கிலும் ஒரு பொதுத்தன்மையை அவதானிக்கலாம். நான்குமே குறையுள்ளவர் செய்ய வேண்டிய காரியங்கள். ஆசானைத் தேடிப் போவதும், நண்பரை நியமிப்பதும், பகைவர் சொல்வதைச் செவிமடுப்பதும், மற்றவரைப் பார்த்துத் தன்னைச் சோதிப்பதும் அவர் பொறுப்பு. எமது இலக்கியக் கூட்டங்களில் விமர்சனம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் விமர்சகரைப் பற்றியே பேசுகிறோம். அவர் எப்படிப் பேசவேண்டும், எந்த அளவுக்குப் பேசவேண்டும், அவருக்குத் தகுதி உண்டா என்று விவாதிக்கிறோம். இமாமவர்களோ கேட்பவரிடமிருந்து தொடங்குகிறார்கள். உன் குறையை அறிவதற்கு நீ என்ன முயற்சி செய்தாய் என்பதே அங்கு எழும் கேள்வி.

இரண்டாவது வழிக்கு உதாரணமாக இஹ்யா தரும் செய்தியொன்று எமது மௌலவிமாரின் பயான்களில் அடிக்கடி கேட்பதுதான். கலீபா உமர் (ரழி) அவர்கள் ஸல்மான் (ரழி) அவர்களிடம், என்னைப் பற்றி நீர் வெறுக்கும் செய்தி ஏதேனும் உம்மை எட்டியதா என்று கேட்கிறார்கள். ஸல்மான் (ரழி) தயங்கித் தம்மை விட்டுவிடும்படி வேண்டுகிறார்கள். கலீபா விடவில்லை. அதன்பின்னரே, ஒரே விரிப்பில் இரண்டு வகைக் கறி வைத்து உண்பதாகவும், பகலுக்கொன்றும் இரவுக்கொன்றுமாக இரண்டு உடைகள் வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன் என்கிறார்கள். வேறு ஏதாவது உண்டா என்று கலீபா கேட்கிறார்கள். இல்லை என்றதும், அவ்விரண்டும் இனி இராது என்கிறார்கள். பயான்களில் இது உமர் (ரழி) அவர்களின் எளிமைக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. நான் இதில் வேறொன்றையும் காண்கிறேன். சொல்பவர் தயங்குகிறார், கேட்பவர் வற்புறுத்துகிறார். எமது மேடைகளில் இந்த உறவு தலைகீழாக இருக்கிறது. சொல்ல விரும்புபவர் துடிக்கிறார். கேட்க வேண்டியவர் நழுவுகிறார்.

அதே இடத்தில் இமாமவர்கள் இன்னுமோர் உவமையைக் கையாளுகிறார்கள். உன் உடைக்குள் தேள் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நன்றி கூறுவோம், மகிழ்வோம், தேளை அகற்றிக் கொல்வதில் இறங்குவோம். தீய குணங்களும் தேள்களே; அவற்றின் கொடுக்கு உள்ளத்தில் இறங்குகிறது. ஆனால் அவற்றைக் காட்டித் தருபவரிடம் நாம் மகிழ்வதில்லை. 'நீயும்தான் இப்படி இப்படிச் செய்கிறாய்' என்று பதிலுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். ஒரு கதையின் குறையைச் சுட்டிக்காட்டியவருக்கு, உங்கள் கதை மட்டும் எப்படியாம் என்று பதிலெழுதும் வழக்கம் எமது சஞ்சிகைகளின் வாசகர் கடிதப் பக்கங்களுக்குப் புதிதன்று. தேள் அதற்கிடையில் உடைக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

இனிப் பொறாமை என்ற நியாயத்தைப் பார்ப்போம். இமாமவர்களின் மூன்றாவது வழி இதற்கு நேரடியான விடையைத் தருகிறது. நட்பின் பெயரால் புகழ்ந்து குறையை மறைப்பவரைவிட, பகைமையால் குறையைச் சொல்பவரால் ஒருவர் கூடுதல் பயனடையக்கூடும் என்பது அவர்கள் கருத்து. பகைவன் பொய் சொல்கிறான், பொறாமையால் பேசுகிறான் என்று கருதுவது மனித சுபாவம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அகப்பார்வை உள்ளவர் அதிலிருந்தும் பயன் பெறுவார் என்கிறார்கள். ஆகவே விமர்சகரின் நிய்யத் கெட்டதாகவே இருக்கட்டும். அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கணக்கு. அவர் சுட்டிய பிழை நூலில் உண்டா இல்லையா என்பதே எழுத்தாளருக்குரிய கணக்கு. கல்முனைப் பெண்ணாக வரும் பாத்திரம் மாத்தறைத் தமிழில் பேசுகிறது என்று ஒருவர் எழுதினால், எழுதியவர் நண்பரா பகைவரா என்று விசாரிப்பதால் அப்பாத்திரத்தின் பேச்சு கல்முனைத் தமிழாகிவிடாது.

குறையைக் கேட்பது பற்றி இவ்வளவு சொன்ன நூலுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். 1109 இல், இமாமவர்கள் உயிரோடிருந்தபோதே, முராபித்துகளின் ஆட்சியிலிருந்த அந்தலூசியாவின் குர்துபா நகரில் இஹ்யாவின் பிரதிகள் தீயிலிடப்பட்டன. ஒரு நூலை எதிர்கொள்வதற்கு இது ஒரு முறை. அதனால் நூலும் திருந்தவில்லை; எரித்தவர்களின் வாதமும் வெல்லவில்லை. இஹ்யா இன்றும் வாசிக்கப்படுகிறது.

வேறு முறையில் எதிர்கொண்டோரும் இருந்தனர். 1201 இல் காலமான இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) பக்தாதின் பேர்பெற்ற ஹன்பலி அறிஞர். ஆதாரமற்ற ஹதீஸ்களை இஹ்யா எடுத்தாண்டிருப்பதை அவர் கடுமையாகக் கண்டித்தார். அந்நூலின் தவறுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தாம் பிழையெனக் கண்டவற்றை நீக்கி, பயனுள்ளதை வைத்துக்கொண்டு 'மின்ஹாஜுல் காஸிதீன்' என்ற நூலாக இஹ்யாவைத் திருத்தி அமைத்தார். பிழையைச் சொன்னவரே அதைத் திருத்தும் உழைப்பையும் ஏற்றுக்கொண்டார். வெறுப்பு மட்டும் உள்ள ஒருவர் அத்தனை பெரிய நூலோடு அவ்வளவு காலம் செலவிட்டிருக்கமாட்டார்.

1370 இல் காலமான தாஜுத்தீன் அஸ்ஸுப்கீ (ரஹ்) இமாம் கஸ்ஸாலியின் பெரும் அபிமானி. ஷாபிஈ அறிஞர்களின் வரலாற்றைக் கூறும் தமது 'தபகாத்' நூலில் இமாமவர்களுக்கென நீண்ட இடத்தை ஒதுக்கி, அவர்களைப் போற்றி, எதிர்ப்பாளர்களுக்குப் பதிலும் கூறியிருக்கிறார். அதே பகுதியிலேயே, இஹ்யாவில் வரும் ஹதீஸ்களுள் தமக்கு இஸ்னாத் கிடைக்காதவற்றைத் தொகுத்துப் பல பக்கங்கள் நீளும் பட்டியலொன்றையும் தருகிறார். போற்றுதலும் பட்டியலும் ஒரே கையால், ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எமது நயவுரைகாரர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே என்பேன். ஒருவரை நேசிப்பதும் அவர் நூலின் குறையைப் பதிவு செய்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்ற எண்ணம் அஸ்ஸுப்கீயிடம் இருக்கவில்லை.

இப்பணியை நிறைவுக்குக் கொண்டுவந்தவர், 1404 இல் காலமான ஹதீஸ் மேதை ஸைனுத்தீன் அல்இராக்கீ (ரஹ்). இப்னு ஹஜர் அல்அஸ்கலானியின் ஆசிரியர். இஹ்யாவின் ஹதீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்ன நூலில் உள்ளது, இன்ன தரத்தது என்று குறித்தார். பல இடங்களில், இதற்கு ஒரு மூலத்தையும் நான் காணவில்லை என்று எழுதினார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஏளனமாக ஒரு வார்த்தையைச் சேர்க்க அவருக்குத் தேவை இருக்கவில்லை. 'அல்முக்னீ அன் ஹம்லில் அஸ்பார் பில் அஸ்பார்' என்று அந்நூலுக்குப் பெயரிட்டார். பயணங்களில் பெரும் நூல்களைச் சுமந்து திரியும் தேவையை இல்லாமற் செய்வது என்பது அதன் பொருள். வாசகரின் சுமையைக் குறைப்பதே தம் வேலை என்று அவர் கருதினார் போலும். இன்று இஹ்யாவின் பல பதிப்புகளில் மேலே இமாம் கஸ்ஸாலியின் மூலமும் கீழே அல்இராக்கீயின் குறிப்பும் ஒரே பக்கத்தில் அச்சாகின்றன. அதனால் இமாமவர்களின் மதிப்பு எள்ளளவும் குறைந்ததாக எவரும் சொல்வதில்லை. எதை ஏற்பது, எதை விடுவது என்று தெரிந்துகொண்டு வாசிக்க அந்தக் குறிப்புகள் வழி செய்திருக்கின்றன. நூலின் ஆயுளை அவை நீட்டித்திருக்கின்றன என்றுகூடச் சொல்லலாம்.

இமாமவர்கள் இதை எப்படி ஏற்றிருப்பார்கள் என்று கேட்கலாம். அவர்கள் மறைந்து நெடுங்காலத்தின் பின் வந்தவையே இக்குறிப்புகள். ஆயினும் ஹதீஸ் கலையில் தமது கைமுதல் சொற்பமே என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பக்தாதின் நிழாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்தபோது, தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா பெயருக்காகவா என்று தம்மையே விசாரித்து, விடை தமக்குப் பாதகமாக இருந்ததால் 1095 இல் அப்பதவியைத் துறந்து வெளியேறியவர்கள் அவர்கள். 1111 இல் தூஸ் நகரில் காலமாவதற்கு முந்திய இறுதி நாட்களில் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களைப் படிப்பதில் ஈடுபட்டிருந்ததாக அவர்களது சமகாலத்தவரான அப்துல் காபிர் அல்பாரிஸி பதிவு செய்கிறார். உலகம் புகழும் நூல்களை எழுதி முடித்த பின்னர், தம்மிடம் எது குறைவாக இருந்ததோ அந்தக் கலையின் மாணவராக அமர்ந்தார்கள். இந்த ஒரு செய்திக்காகவே இமாமவர்கள் மீது எனக்குள்ள மதிப்பு மேலும் உயர்ந்தது.

புறம் பேசுதல் பற்றிய அச்சம் மதிக்கத்தக்கதுதான். நாவைப் பேணுவதை மார்க்கம் வற்புறுத்துகிறது. ஆனால் எங்கே விலக்குண்டு என்பதையும் எமது இமாம்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். 1277 இல் காலமான இமாம் நவவி (ரஹ்) 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் அத்தகைய ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துரைக்கிறார்கள். முஸ்லிம்களுக்கு நலம் நாடி எச்சரிப்பது அவற்றுள் ஒன்று. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் குறைகளைக் கூறுவதை அதற்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். இந்தக் கலையில் பெரும்பேர் பெற்ற அலீ இப்னுல் மதீனி (ரஹ்) அவர்களிடம் அவர் தந்தையைப் பற்றிக் கேட்கப்பட்ட செய்தி பிரசித்தமானது. வேறெவரிடமாவது கேளுங்கள் என்றார். மீண்டும் கேட்டனர். தலைகுனிந்திருந்து நிமிர்ந்து, இது மார்க்கம், என் தந்தை பலவீனமானவர் என்றார். தந்தையின் ஒழுக்கத்தை அவர் குறைகூறவில்லை. அறிவிப்பில் அவரை நம்பியிருக்க முடியாது என்றே சொன்னார். ஒருவர் நல்லடியாராக இருக்கலாம், அவர் நினைவாற்றல் பலவீனமாக இருக்கலாம் என்று இந்தக் கலை வேறுபடுத்திப் பார்த்தது. எம்மிடையே இல்லாதிருப்பது இந்த வேறுபடுத்தலே. 'பாவம், அவர் நல்ல மனிசன்' என்பது ஒரு நாவலைப் பற்றிய கருத்தாக எமது மேடைகளில் செல்லுபடியாகிவிடுகிறது.

மார்க்கம் என்பது நஸீஹத், நலம் நாடுதல் என்ற நபிமொழியைத் தமீமுத்தாரி (ரழி) அறிவிக்க முஸ்லிம் கிரந்தம் பதிவு செய்துள்ளது. யாருக்கு என்று தோழர்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் கூறிய விடையில் முஸ்லிம்களின் தலைவர்களோடு பொதுமக்களும் இடம்பெறுகின்றனர். 'தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்' என்ற யோசனைக்கு இதில் விடை உண்டு. ஒருவரின் சொந்த வாழ்க்கைக் குறையைத் தனியாகச் சொல்வதே கடமை. அதை மேடையேற்றுவது பாவம். ஆனால் அச்சேறி விலைக்கு வந்த நூல் வாசகருடையதும் ஆகிறது. சீறாவைக் கவிதையாக்கும் ஒருவர் ஆதாரமற்ற சம்பவமொன்றை அதில் சேர்த்திருந்தால், அதை உண்மையென்று நம்பிப் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் ஒப்புவிக்கப்போகும் பிள்ளைக்கும் நாம் நலம் நாட வேண்டியிருக்கிறது. எழுத்தாளரின் மனத்தை மட்டும் பேணி வாசகரைக் கைவிடுவது நஸீஹத்தின் பாதியை விட்டுவிடுவதாகும்.

இவ்வளவும் சொன்னதால் எமது விமர்சகர்கள் எல்லோரும் அல்இராக்கீகள் என்று நான் சொல்ல வரவில்லை. குழுச் சண்டையை விமர்சனமென்று எழுதுவோர் இருக்கிறார்கள். நூலை விட்டுவிட்டு எழுத்தாளரின் ஊரையும் தொழிலையும் இழுப்போர் இருக்கிறார்கள். முன்னுரையை மட்டும் வாசித்துவிட்டுத் தீர்ப்பளிப்போரும் இருக்கிறார்கள். பிர்அவ்னிடம் சென்ற மூஸா, ஹாரூன் (அலை) ஆகிய நபிமாருக்கே மென்மையாகப் பேசும்படி அல்குர்ஆன் கட்டளையிடுகிறது. முதல் தொகுதியைக் கூச்சத்தோடு கையளிக்கும் ஆசிரியைக்கோ மாணவனுக்கோ அதைவிட வன்மையாகப் பேச எவருக்கும் உரிமையில்லை. குறையைச் சொல்பவர் பக்கத்தைக் காட்டவேண்டும், காரணத்தைக் கூறவேண்டும், திருத்தும் வழியையும் காட்ட முயலவேண்டும். முதலாவதாகச் சொல்லப்பட்ட மனம் நோகும் என்ற கவலைக்குரிய தீர்வு இதுதான், மௌனம் அன்று.

எமது இலக்கிய வரலாற்றிலும் இதற்குப் பாடமுண்டு. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்த அறிஞர் சித்திலெப்பை, சமூகத்தின் கல்விப் பின்னடைவை அதே சமூகத்தின் முகத்துக்கு நேரே எழுதினார். நவீன கல்விக்காகவும் பெண்கல்விக்காகவும் பேசினார். அதற்காக உள்ளிருந்தே எதிர்ப்பைச் சந்தித்தார். 1898 இல் அவர் காலமானார். இன்று அவர் பெயரில் பாடசாலை இருக்கிறது; விழாக்களில் அவரைப் புகழாத பேச்சாளர் இல்லை. அவர் சமூகத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றியோடு நாம் அவரை நினைத்திருக்க மாட்டோம். ஆனால் அவரைப் போற்றும் நாமே, அவர் எழுதிய 'அஸன்பே சரித்திரம்' 1885 இல் வெளிவந்தது, ஈழத்தின் முதல் தமிழ் நாவல் அது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அளவுக்கு, அதன் கதைப்பின்னலையும் நடையையும் நிறைகுறைகளோடு ஆராய முன்வருவதில்லை. அவருக்கும் நயவுரையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

செய்யக்கூடியவை சில உண்டு. நூல் அச்சுக்குப் போகுமுன் அணிந்துரைக்காக மூவரிடம் கொடுக்கும் பிரதியில் ஒன்றையாவது, பிழைகாண்பதற்கென்றே ஒருவரிடம் கொடுக்கலாம். ஹதீஸ் வரும் இடங்களை அறிந்த ஓர் ஆலிமிடமும், பேச்சுத்தமிழ் வரும் இடங்களை அந்த ஊரவர் ஒருவரிடமும் காட்டலாம். அறபுச் சொற்களை ஒரே நூலில் மூன்று விதமாக எழுதும் வழக்கத்தை இதனாலேயே ஒழித்துவிட முடியும். வெளியீட்டு விழாவில் ஒரு பேச்சாளருக்கேனும், நூலைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் கொடுத்து, நிறையும் குறையும் சொல்லும் சுதந்திரத்தையும் கொடுக்கலாம். இரண்டாம் பதிப்பு வருமாயின், எந்தப் பிழை யார் சொல்லித் திருத்தப்பட்டது என்று நன்றியோடு குறிப்பிடலாம். எமது சஞ்சிகைகள் நூலறிமுகத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒரு பங்கை விரிவான திறனாய்வுக்கு ஒதுக்கலாம். இவற்றுக்குப் புரவலர் தேவையில்லை, பணமும் தேவையில்லை.

தேவைப்படுவது எழுத்தாளர் தாமே போய்க் கேட்பதுதான். ஆசானும் உண்மை நண்பரும் தம் காலத்திலேயே அரிதாகிவிட்டதாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கவலைப்பட்டிருக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்த பின் எமக்கு அவர்கள் எளிதில் கிடைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே கிடைக்கும் ஒருவரிடமாவது, உமர் (ரழி) அவர்கள் ஸல்மானிடம் கேட்டதுபோல, வேறு ஏதாவது உண்டா என்று இரண்டாவது தடவையும் கேட்கப் பழகவேண்டும். முதல் தடவை கேட்கும்போது பலரும் மரியாதைக்காகச் சமாளித்துவிடுவார்கள். இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் உண்மை வரும்.